புது 5ஜி சிம்: வேகத்தைவிடப் பூட்டு முக்கியம்

சிங்கப்பூர் தேக்கா பக்கம் ஒரு கடையில் சிம்மை மாற்றிக்கொண்டேன். வேகம் சரி, குறையில்லை. நான் பணம் கொடுத்தது தனித்தியங்கும் 5ஜிக்காக, அதாவது 4ஜியின் துணையில்லாமல் முழுக்க 5ஜியிலேயே ஓடும் வலையமைப்புக்காக. 4ஜியில் கைப்பேசி முதன்முதலாக இணையும்போது ஐஎம்எஸ்ஐ எண்ணை (ஒவ்வொரு சிம்முக்கும் உரிய அடையாள எண்) மறைக்காமல் அனுப்பக்கூடும்; போலிக் கோபுரம் வைத்திருப்பவன் அதைப் பிடித்து நம்மைப் பின்தொடரலாம். தனித்தியங்கும் 5ஜியில் அந்த எண்ணைத் தொலைபேசி நிறுவனத்தின் பொதுத் திறவுகோலால் (இதனால் பூட்டியதை அந்த நிறுவனம் மட்டுமே திறக்க முடியும்) பூட்டி அனுப்ப வழியுண்டு. 4ஜியின் மைய வலையமைப்பை நம்பி ஓடும் 5ஜியில் இது கிடையாது. திரையில் பெரும்பாலும் இரண்டுமே '5ஜி'தான்!

கவுன்டரில் இருந்த தம்பி அமைப்புகளைத் திறந்து பொறுமையாகக் காட்டினார். அப்புறம், அந்தப் பூட்டு உண்மையில் போடப்பட்டிருக்கிறதா என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை, கொடுத்த தாளிலும் இல்லை. விலைக்குப் பக்கத்திலேயே அதை அச்சிட வேண்டும். அம்மாவுக்கும் இதே சிம்தான் வாங்கப்போகிறேன்.