கொடிப்பசலை விதைப் பாக்கெட்: விதையில் குறையில்லை, அட்டையில்தான் குறை

பாளையங்கோட்டையில் விதையும் உரமும் விற்கும் கடை ஒன்றில், சென்ற பங்குனி மாதம் 30 ரூபாய் கொடுத்துப் பசலைக்கீரை விதைப் பாக்கெட் ஒன்று வாங்கினேன். மட்டப்பாவில், அதாவது மொட்டை மாடியில், கத்தரியும் வெண்டையும் ஏற்கெனவே இருந்தாலும், பந்தல் ஏறும் கீரை ஒன்றும் வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. மகாராஜ நகர் உழவர் சந்தைக்கு நான் போகும் நாள்களில் அரைக்கீரையும் தண்டுக்கீரையும் குவிந்து கிடக்கும். கொடிப்பசலை எப்போதாவது ஒரு நாள்தான் கண்ணில் படும். ஏழு மாதம் வளர்த்து, பறித்து, சமைத்துப் பார்த்த பின்பே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

முதல் குறை அட்டையிலேயே இருக்கிறது. முன்பக்கத்தில் அச்சிட்டிருப்பது தரையோடு கொத்தாக நிற்கும் பாலக் கீரையின் படம். உள்ளே இருந்ததோ மிளகைப் போல உருண்டு கறுத்த கொடிப்பசலை விதை. இரண்டும் வெவ்வேறு தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பாலக் குளிர்ச்சியை விரும்புவது. கொடிப்பசலை வெயிலிலும் வெக்கையிலும் செழிப்பது. பசலை என்ற பெயரைப் பாலக்குக்கும் சொல்வார்கள், தரையில் படரும் வேறொரு கீரைக்கும் சொல்வார்கள் என்பதால், 'கொடி' என்ற இரண்டெழுத்தை முன்னால் சேர்ப்பது விதை விற்பவரின் கடமை. படத்தை நம்பி ஆழமில்லாத தட்டில் விதைத்து, பந்தலும் போடாமல் விட்டவர்கள் எத்தனை பேரோ என்று எண்ணும்போது வருத்தமாகவே இருக்கிறது.

பின்பக்கத்தில், 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டத்தை ஒட்டிக் குறிக்கப்படும் விவரங்களான முளைப்புத்திறன், புறத்தூய்மை (குப்பை கலவாத சுத்த விதையின் அளவு), பரிசோதித்த நாள், காலாவதி நாள் ஆகியவை தெளிவாகவே இருந்தன. பரிசோதனை நாளிலிருந்து ஒன்பது மாதம் என்ற காலக்கெடுவும் சரியாகக் கணக்கிடப்பட்டிருந்தது. முளைப்புத்திறன் 60 சதவீதம் என்று போட்டிருந்தார்கள். பழைய சரக்கை மறுபடி அடைத்து விற்கும் வழக்கம் இல்லாத இடம் என்ற நம்பிக்கை அதிலிருந்து வந்தது.

ஆனால் வளர்ப்பு முறை என்று கொடுத்திருந்த நான்கு வரிகள் போதவே போதா. 'நேரடியாக விதைக்கவும், 7 நாளில் முளைக்கும்' என்றிருந்ததை அப்படியே நம்பிப் பத்து விதைகளை ஊன்றினேன். இருபதாம் நாள் வரை மூன்றுதான் தலை காட்டின. எங்கள் ஆச்சியிடம் சொன்னபோது, "தோடு கட்டியா இருக்குல்லா, ராத்திரி வெதுவெதுன்னு தண்ணியில போட்டு வச்சிட்டு காலையில ஊணு" என்றார்கள். அதன்படி அடுத்த பத்து விதைகளை முதலில் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, இரவு முழுவதும் ஊற வைத்து, அரை அங்குல ஆழத்தில் ஊன்றியதில், எட்டாம் நாளுக்கும் பதின்மூன்றாம் நாளுக்கும் இடையில் எட்டு முளைத்துவிட்டன. பத்துப் பத்து விதைகளை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாதுதான். என்றாலும் மண்ணும் தொட்டியும் வெயிலும் ஒன்றாக இருக்கையில், இந்த வேறுபாட்டுக்குத் தடித்த விதைத்தோட்டைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. 'ஊற வைத்து விதைக்கவும்' என்ற மூன்று சொல்லை அச்சிட்டிருந்தால் வாங்குபவருக்குப் பாதி விதை மிஞ்சும்.

முளைத்து வரும்போது இரண்டு பருத்த வித்திலைகளின் நுனியில் கறுப்புத் தோடு குல்லாய் போல ஒட்டிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு ஒன்றை நகத்தால் கழற்றினேன். இலையின் பாதியும் சேர்ந்து கிழிந்து வந்தது. மற்றவற்றின் மேல் காலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு விட்டுக் காத்திருந்தேன். இரண்டு நாளில் தாமாகவே உதிர்ந்தன.

செம்மண், தொழு உரம், தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து, வேர்முடிச்சு நூற்புழுவுக்கு அஞ்சி வேப்பம்பிண்ணாக்கு ஒரு கை சேர்த்து, 12 அங்குலப் பைக்கு இரண்டு கன்று வீதம் வைத்தேன். முதல் மாதம் வளர்ச்சி மந்தம்தான். வைகாசிக்குப் பிறகு ஒரு முழ உயரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டதும் பக்கக் கிளைகள் கிளம்பி, வாரம் இரண்டு முறை பறிக்கும் அளவுக்குத் தழைத்தன. ஆடிக் காற்று தொடங்கியதும், அட்டையில் சொன்னபடி கட்டிய சணல் நூல் ஒரே வாரத்தில் இற்றுப்போய், கொடி முழுவதும் கைப்பிடிச் சுவருக்கு வெளியே தொங்கியது. மேற்கு மலைக் கணவாய்களின் வழியே சீறி வரும் காற்றுக்குச் சணல் எம்மாத்திரம்? பனைநார்க் கயிற்றால் மாற்றிக் கட்டிய பின் இன்று வரை அசையவில்லை.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். ஊற வைத்து முளைத்த எட்டுக் கன்றுகளில் ஐந்து பச்சைத் தண்டு, மூன்று செந்தண்டு. இரண்டுமே உண்ணத்தக்கவை, சுவையிலும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. ஆயினும் ஒரே ரகம் என்று எழுதி விற்கும்போது கலப்பு இருக்கக் கூடாது.

'பூத்தால் கொடியைப் பிடுங்கிவிடவும்' என்ற அறிவுரைதான் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. கொடிப்பசலை, பகல் பொழுது 13 மணி நேரத்துக்கு மேல் நீளும் காலத்தில் பூக்காது என்பார்கள். திருநெல்வேலியில் ஆண்டின் மிக நீண்ட பகலே 12 மணி 40 நிமிடத்தைத் தாண்டுவதில்லை. ஆகவே இங்கே அது எந்த மாதத்திலும் பூக்கக்கூடியது. பூத்ததற்காகப் பிடுங்குவதென்றால் நாம் கீரையே தின்ன முடியாது. பூங்கொத்தோடு தண்டை இரண்டு கணு கீழே வெட்டிவிட்டால் புதுத் துளிர் வருகிறது. நான் அப்படித்தான் செய்துவருகிறேன். ஒரு கிளையை மட்டும் விதைக்காக விட்டிருக்கிறேன். அதன் பழத்தை நசுக்கினால் விரலில் ஏறும் ஊதாச் சாயம் இரண்டு நாள் போகாது.

சமையலைப் பொறுத்தவரை, இதன் வழவழப்பு சிலருக்குப் பிடிப்பதில்லை. சிறுபருப்போடு கூட்டு வைத்து, தேங்காயும் சீரகமும் அரைத்து ஊற்றி, இலையைக் கடைசியில் போட்டு ஒரு கொதியில் இறக்கினால் வழவழப்பு அதிகம் தெரியாது. கொஞ்சம் புளி சேர்த்தால் இன்னும் குறையும். கூட்டாஞ்சோற்றில் முருங்கைக்கீரைக்குப் பதிலாக ஒரு முறை போட்டுப் பார்த்தேன். சோறு குழைந்துவிட்டது, மறுமுறை செய்யவில்லை. ஆக்சலேட் சத்து உள்ள கீரை என்பதால், சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு உண்பது நல்லது.

இந்த விலைக்கு இந்த விதையை வாங்கலாம் என்பதே என் முடிவு. பின்பக்க அறிவுரையை மட்டும் படிக்காமல் விட்டுவிடுங்கள். மாசி, பங்குனியில் வாங்கி மண் சூடாக இருக்கும்போதே ஊன்றுவது முக்கியம்; மிச்சமிருந்த நான்கு விதைகளை ஐப்பசி மழையில் ஊன்றியதில் இரண்டு அழுகிப்போயின. மழைக்காலத்தில் இலைகளில் மீன் கண் போல வட்டப் புள்ளிகளும் வந்தன. அந்த இலைகளைக் கிள்ளி எறிந்து, தண்ணீரை வேரில் மட்டும் விட்டதும் மேலும் பரவவில்லை.

பக்கத்து வீட்டு மதினியும் இதே பாக்கெட்டை வாங்கக் கடையை விசாரித்தார்கள். மூன்று கணு உள்ள தண்டு ஒன்றை வெட்டிக் கொடுத்து, ஈர மண்ணில் நட்டு நிழலில் வைக்கச் சொன்னேன். பத்து நாளில் துளிர் விட்டுவிட்டதால், அவர்களுக்கு அந்த 30 ரூபாய்ச் செலவும் இல்லாமல் போயிற்று.