ஆர்க்டிக் ஆய்வுக்கான அரசுப் பணம்: பல்கலைக்கழகத்துக்கா, நிலையத்துக்கா, ஊருக்கா?

கனடா அரசு 2012 ஆம் ஆண்டில், நான்கு மாத இடைவெளியில், தன் வடபுலத்தில் ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு காரியங்களைச் செய்தது. எல்ஸ்மியர் தீவில், 80 டிகிரி வட அட்சரேகையில், யுரேகா வானிலை நிலையத்துக்கு அருகிலுள்ள குன்றின் மேல் இயங்கிவந்த ‘பேர்ல்’ என்னும் வளிமண்டல ஆய்வகம், ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் டாலர் செலவுக்கு வழியில்லாமல், அந்த ஏப்ரலோடு தன் முழு ஆண்டுப் பணியை நிறுத்திக்கொண்டது. ஆகஸ்டில், அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே உள்ள கேம்பிரிட்ஜ் பே என்னும் ஊரில் புதிய ஆய்வு நிலையம் ஒன்றைக் கட்டிக் கருவிகள் பொருத்த 14.24 கோடி டாலர் ஒதுக்கப்படும் என்று அன்றைய பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் அறிவித்தார்.

இந்தக் கட்டுமானத் தொகையைக் கொண்டு பேர்லைத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் நடத்தியிருக்கலாம் என்று கணக்குப் போடுவது எளிது. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு தரப்பு அடியோடு விடுபட்டுப்போகிறது. ஆய்வு நடக்கும் நிலத்திலும் கடலிலும் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் இனூயிட் மக்களின் தாயகமான இனூயிட் நுனாங்காட்டில் நான்கு வட்டாரங்களும் 51 ஊர்களும் இருக்கின்றன. ஆகவே, பல்கலைக்கழக அறிஞர்களுக்குப் போட்டி முறையில் மானியம் தருவதா, அரசே நிலையம் கட்டி நடத்துவதா என்ற இரு வழிகளோடு, ஊர் அமைப்புகளின் கையிலேயே பணத்தையும் எதை ஆய்வது என்று முடிவுசெய்யும் உரிமையையும் ஒப்படைப்பதா என்ற மூன்றாவது வழியையும் சேர்த்து வைத்துத்தான் இதை எடைபோட வேண்டும்.

போட்டி மானிய முறையின் பலம் வெளிப்படையானது. அறிஞர்கள் திட்டம் எழுதுகிறார்கள், துறை சார்ந்த பிற அறிஞர்கள் அதை மதிப்பிடுகிறார்கள், அமைச்சர்களின் விருப்பு வெறுப்புக்கு அதிகம் இடம் இருப்பதில்லை. 2000 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கனடிய காலநிலை, வளிமண்டல அறிவியல் அறக்கட்டளைக்கு அரசு இரண்டு தவணைகளில் 11 கோடி டாலர் கொடுத்தது. பேர்ல் உள்பட நாட்டின் பெரும்பாலான வளிமண்டல ஆய்வுகள் அந்தப் பணத்தை நம்பியே வளர்ந்தன. அந்த ஆய்வுகள் வீண்போகவில்லை. 2011 வசந்தத்தில் ஆர்க்டிக் வானில் 18 முதல் 20 கிலோமீட்டர் உயரத்தில் இருந்த ஓசோனில் சுமார் 80 சதவீதம் அழிந்தபோது, அண்டார்டிகாவின் ஓசோன் துளையோடு ஒப்பிடத்தக்க அந்த இழப்பைப் பதிவுசெய்தவற்றில் யுரேகாவின் கருவிகளும் அடங்கும். ஆனால் அதே 2011 இன் வரவுசெலவுத் திட்டம் அறக்கட்டளைக்குப் புதிய பணம் எதுவும் தரவில்லை. உலகமே வட துருவ ஓசோனைப் பற்றிப் பேசிய சில மாதங்களில், அதை அளந்த ஆய்வகம் ஆள் அனுப்பவும் மின்சாரத்துக்கும் காசில்லாமல் தவித்தது.

இதன் பிறகு நடந்ததுதான் இம்முறையின் பலவீனத்தைத் துல்லியமாகக் காட்டுகிறது. 2013 இல் புதிய மானியத் திட்டம் ஒன்றின் கீழ் ஐந்தாண்டுகளுக்கு 50 லட்சம் டாலர் கிடைத்து பேர்ல் மீண்டெழுந்தது. அந்தத் திட்டமும் புதுப்பிக்கப்படாததால், 2017 நவம்பரில், மறுபடியும் மூடப்படும் தறுவாயில், ஆட்சி மாறியிருந்த அரசு 16 லட்சம் டாலர் கொடுத்து 2019 இலையுதிர்காலம் வரை காலத்தை நீட்டித்தது. ஓசோனைத் தின்னும் குளோரின் சேர்மங்கள் துருவ இரவின் கடுங்குளிரில் உருவாகும் மேகத் துகள்களின் மேல்தான் வீரியம் பெறுகின்றன. சூரியன் திரும்பும் வசந்தத்தில் மட்டும் போய் அளந்துவிட்டு வந்தால் கதையின் முன்பாதி கிடைக்காது. விடுபட்ட குளிர்காலத்தைப் பின்னர் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அளக்க முடியாது. போட்டி மானியம் புதுமையைத் தேடும் இயல்புடையது என்பதால், ‘சென்ற ஆண்டு அளந்ததையே இந்த ஆண்டும் அளக்கப் போகிறோம்’ என்ற விண்ணப்பம், அறிவியலுக்கு எவ்வளவு இன்றியமையாததாக இருந்தாலும், அந்தப் போட்டியில் எடுபடுவதில்லை.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. கூட்டாட்சி மானிய மன்றங்களின் பணத்தைப் பெரும்பாலும் அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள்தான் பெற முடியும். இனூயிட் நுனாங்காட்டிலோ பல்கலைக்கழகம் கிடையாது. எனவே வடக்கைப் பற்றிய ஆய்வுக்கு ஒதுக்கப்படும் பணம் தெற்கு நகரங்களின் பல்கலைக்கழகக் கணக்குகளில் விழுந்து, அங்கேயே மாணவர் உதவித்தொகையாகவும் கருவியாகவும் விமானப் பயணச்சீட்டாகவும் செலவாகிறது. 2018 மார்ச்சில் இனூயிட் டாபிரீட் கனாட்டமி என்ற தேசிய அமைப்பு வெளியிட்ட இனூயிட் ஆய்வு வியூகம் இதைத்தான் முதன்மையான குற்றச்சாட்டாக வைத்தது. ஆய்வுப் பொருள், பணம், தரவு ஆகிய மூன்றின் மீதும் தங்களுக்கு அதிகாரம் வேண்டும் என்று அது கோரியது. தகுதி விதி என்னும் ஒரு வரியை மாற்றினால் பாதி சிக்கல் தீரும் என்பது என் எண்ணம். ஆனால் மானிய அலுவலகங்களில் ஒரு வரியை மாற்றுவது ஒரு கட்டடம் எழுப்புவதைவிடக் கடினம் போலும்.

கட்டடம் எழுப்பும் வழிக்கு வருவோம். கேம்பிரிட்ஜ் பே நிலையம் 2007 இல் வாக்குறுதியாகத் தொடங்கி, 2010 இல் ஊர் தேர்வாகி, 2019 ஆகஸ்டில்தான் முறைப்படி திறக்கப்பட்டது. அதை நடத்துவதற்காகவே 2015 ஜூனில் ‘போலார் நாலெட்ஜ் கனடா’ என்ற அரசு முகமை உருவாக்கப்பட்டது. 2018–19 முதல் ஆண்டுக்கு 2.65 கோடி டாலர் வரை தொடர் செலவுக்கு என்று திட்டமிடப்பட்டது. இந்தத் தொடர் ஒதுக்கீடு என்பதுதான் பேர்லுக்கு ஒருநாளும் வாய்க்காத வரம். நிலையம் ஊருக்குள்ளேயே இருப்பதால் உள்ளூர் ஆட்களுக்கு வேலை கிடைக்கிறது, ஆய்வாளர் யார் எவர் என்று மக்களுக்குத் தெரிகிறது. மறுபுறம், சுமார் 1,800 பேர் வாழும், வீட்டுப் பற்றாக்குறையால் நுனாவுட் பிரதேசம் முழுவதையும் போலவே திணறும் ஓர் ஊரில், வந்துபோகும் ஆய்வாளர்களுக்கென்று தனிக் குடியிருப்பு கட்டப்பட்டதை ஊர்க்காரர் எந்தக் கண்ணோடு பார்ப்பார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதோடு, கட்டடம் ஓரிடத்தில் நிற்கிறது. 51 ஊர்களின் பனியும் மீனும் அங்கே வந்து நிற்பதில்லை.

இதே பேச்சில் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தைச் சிலர் முன்மாதிரியாகக் காட்டுவதுண்டு. இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் 2008 முதல் அங்கேதான் இருக்கிறது. சென்னைப் பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் பங்களிப்போடு 2014 இல் அங்குள்ள காங்ஸ்ஃபியோர்டில், 192 மீட்டர் ஆழத்தில், இண்டார்க் என்ற கண்காணிப்புக் கருவித்தொகுதி இறக்கப்பட்டது. நல்ல பணிகள்தாம். ஆனால் ஸ்வால்பார்டில் பூர்வகுடி மக்கள் எவரும் இல்லை. யாரைக் கேட்பது, யாருடைய தரவு என்ற கேள்விகள் எழாத இடத்தின் ஏற்பாட்டை, அந்தக் கேள்விகளே மையமாக இருக்கும் இடத்துக்கு அப்படியே கொண்டுபோக முடியாது.

மூன்றாவது வழிக்கு லாப்ரடார் கடற்கரையின் நெயின் என்ற ஊரைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 2009–10 குளிர்காலம் அங்கே வழக்கத்துக்கு மாறாக வெதுவெதுப்பாக இருந்தது. அந்தப் பருவத்தில் ஊராரில் பன்னிரண்டில் ஒருவர் கடல் பனி உடைந்து தண்ணீரில் விழுந்தார்கள். அங்கே கடல் பனிதான் சாலை. வேட்டைக்கும் விறகுக்கும் பக்கத்து ஊருக்கும் அதன் மேல்தான் போயாக வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் விரிகுடா முழுவதும் வெள்ளையாகத் தெரியலாம். நீரோட்டம் அரிக்கும் முனையில் பனி இன்று ஸ்னோமொபைலைத் தாங்குமா என்பதை அது சொல்லாது. மெமோரியல் பல்கலைக்கழகத்தின் டிரெவர் பெல்லும் லாப்ரடார் இனூயிட்டுகளின் தன்னாட்சி அமைப்பான நுனாட்சியாவுட் அரசும் சேர்ந்து தொடங்கிய ‘ஸ்மார்ட்ஐஸ்’ இரண்டு கருவிகளை உருவாக்கியது. ஒன்று, பனியில் துளையிட்டு நிறுத்தப்படும் குழாய் வடிவ மிதவை. அதிலுள்ள வெப்பமானிச் சரம் காற்று, பனி, நீர் ஆகியவற்றின் வெப்பநிலை எங்கெங்கே மாறுகிறது என்பதிலிருந்து தடிமனைக் கணித்துச் செயற்கைக்கோள் வழியே அனுப்புகிறது. மற்றொன்று, ஸ்னோமொபைலின் பின்னே இழுத்துச் செல்லப்படும் மரச் சறுக்குவண்டி. அதில் பொருத்திய மின்காந்த உணரி, போகப் போகவே பனியின் தடிமனைக் காட்டுகிறது. மிதவையை எங்கே நடுவது, வண்டியை எந்தத் தடத்தில் ஓட்டுவது என்பதை அனுபவமுள்ள உள்ளூர் வேட்டைக்காரர்கள் முடிவுசெய்கிறார்கள். மிதவைகளை நெயினில் இனூயிட் இளைஞர்களே பூட்டித் தயாரிக்கிறார்கள். பணம் நாளை நின்றாலும் அந்தக் கைத்திறன் ஊரில் இருக்கும்.

இத்தகைய திட்டம் நிலைபெற உதவிய பெரிய தொகை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. 2016 இல் ஸ்மார்ட்ஐஸுக்குக் கிடைத்த 4 லட்சம் டாலர், தனியார் கொடையில் தோன்றிய ஆர்க்டிக் இன்ஸ்பிரேஷன் பரிசு. வேட்டைக்காரர்கள் பனி நிலையையும் விலங்குகளையும் பதிவுசெய்து, அந்தத் தரவின் உரிமையைத் தாங்களே வைத்துக்கொள்ளும் ‘சிக்கு’ செயலியை 2019 இல் வெளியிட்ட, ஹட்சன் விரிகுடாவின் சனிக்கிலுவாக் ஊர் சார்ந்த ஆர்க்டிக் ஐடர் சங்கத்துக்கு, 2017 இல் கூகுளின் அறக்கொடைப் பிரிவு 7.5 லட்சம் டாலர் கொடுத்தது. அரசு விதிகளில் நுழைய முடியாதவர்கள் பரிசுப் போட்டிகளில் நுழைந்திருக்கிறார்கள். பரிசு ஒருமுறைதான் வரும். மிதவையின் பராமரிப்பும் வண்டி ஓட்டுபவரின் ஊதியமும் ஒவ்வொரு குளிர்காலமும் வரும்.

ஊரார் அறிவு ‘பண்பாட்டுச் சிறப்பு’ மட்டுமே, அறிவியல் அளவீட்டில் அதற்கு இடமில்லை என்று நினைப்பவர்களுக்கு அலாஸ்காவின் போஹெட் திமிங்கலக் கணக்கு பதிலளிக்கும். 1977 இல், அந்த இனத்தில் இரண்டாயிரத்துக்கும் குறைவாகவே எஞ்சியிருப்பதாகக் கருதிய சர்வதேசத் திமிங்கல ஆணையம், பூர்வகுடிகளின் வேட்டைக்கும் தடை விதித்தது. பனி விளிம்பில் நின்று, திறந்த நீர்த்தடத்தில் மேலே வரும் திமிங்கலங்களை மட்டும் எண்ணியதால் வந்த பிழை இது என்று இனூபியாட் வேட்டைக்காரர்கள் வாதிட்டார்கள். திமிங்கலங்கள் பனிக்கு அடியிலும் நீந்திச் செல்லும், தலையால் பனியை முட்டி உடைத்து மூச்சு விடும், கரையிலிருந்து வெகு தொலைவிலும் போகும் என்பது அவர்கள் கண்டறிந்தது. நார்த் ஸ்லோப் பரோ என்னும் அவர்களது உள்ளாட்சி அமைப்பு, புரூடோ பே எண்ணெய் வயல்களிலிருந்து கிடைத்த சொத்து வரியைக் கொண்டு, நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கி, வானிலிருந்தும் பார்த்து, எண்ணும் முறையையே மாற்றிய ஆய்வுக்குப் பணம் கொடுத்தது. 1993 இல் மதிப்பீடு எட்டாயிரத்தைத் தொட்டது. 2011 இல் ஏறத்தாழ 17,000 ஆனது. இடையில் திமிங்கலங்கள் உண்மையிலேயே பெருகின என்றாலும், பழைய எண்ணிக்கை குறைபட்டது என்பதும் நிலைநாட்டப்பட்டது. இங்கே கருவி, புள்ளியியல், சக அறிஞர் மதிப்பீடு எல்லாம் இருந்தன. கேள்வியும் காசோலையும் மட்டும் ஊரிலிருந்து வந்தன.

ஊர்வழிக்கும் எல்லை உண்டு. ஊர் அமைப்பு எதுவும் குளோரின் சேர்மங்களை அளக்கும் நிறமாலைமானியைத் தானே நடத்த வேண்டிய தேவை இல்லை. ஒவ்வொரு ஊரிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே எல்லாக் குழுக்களிலும் உட்கார்ந்து, எல்லா ஆய்வாளருக்கும் பதில் சொல்லி, விண்ணப்பங்களும் எழுத வேண்டியிருக்கிறது. பணத்தோடு ஆளுக்கான ஊதியமும் வராவிட்டால் அதிகாரம் சுமையாக மாறிவிடும்.

இம்மூன்றுக்கும் இடைப்பட்ட ஏற்பாடு ஒன்று 1991 முதல் கனடாவிலேயே இருக்கிறது. போதிய கவனம் அதற்குக் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம். 1980களின் பிற்பகுதியில், வடக்குக் கியூபெக்கின் இனூயிட் வட்டாரமான நுனாவிக்கில், பெண்களின் தாய்ப்பாலில் தெற்குக் கியூபெக் பெண்களுடையதைவிடப் பன்மடங்கு பிசிபி என்னும் தொழிற்சாலை வேதி நச்சு இருப்பது தெரியவந்தது. தொழிற்சாலையே இல்லாத நிலத்தில், காற்றாலும் கடலாலும் வந்து, சீல், திமிங்கலக் கொழுப்பில் சேர்ந்த நச்சு அது. இதற்கென உருவான வடபுல மாசுப் பொருட்கள் திட்டத்தின் மேலாண்மைக் குழுவில் அரசுத் துறைகளோடு இனூயிட், டெனே, யூக்கான் முதல்குடி அமைப்புகளும் அமர்ந்து, எதை ஆய்வது என்று தீர்மானிக்கின்றன. உணவில் நச்சு இருப்பதாகச் செய்தி பரவினால் மக்கள் சத்தான நாட்டுணவை விட்டுக் கடைப் பண்டத்துக்குப் போய்விடக்கூடும் என்பதால், முடிவுகளை எப்படிச் சொல்வது என்பதிலும் அவர்கள் குரல் இருக்கிறது. அத்திட்டம் திரட்டிய சான்றுகள் 2001 இன் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைக்கு வலுச்சேர்த்தன. அதன் முகவுரை ஆர்க்டிக் பூர்வகுடிகளை வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது.

பங்கிடும் பொறுப்பு என்னிடம் இருந்தால், பேர்ல் போன்ற நெடுங்கால அளவீடுகளைப் போட்டியிலிருந்தே வெளியே எடுத்து, வானிலை நிலையங்களைப் போலத் துறையின் நிரந்தரச் செலவில் சேர்ப்பேன். பனி, வேட்டை விலங்கு, உணவு, குடிநீர் தொடர்பான ஆய்வுப் பணத்தை ஊர் அமைப்புகளிடம், குறைந்தது பத்தாண்டு ஒப்பந்தத்தில், பணியாளர் ஊதியத்தோடு கொடுத்து, வேண்டிய பல்கலைக்கழகத்தை அவர்களே அமர்த்திக்கொள்ளச் செய்வேன். இரண்டும் கலக்கும் இடங்களுக்கு மாசுப் பொருட்கள் திட்டத்தின் கூட்டுக் குழு போதும். போட்டி மானியம் புதிய கருதுகோள்களுக்கு மட்டும் தொடரலாம். புதிய கட்டடத்துக்கு, கேம்பிரிட்ஜ் பேயில் ஏற்கெனவே இருக்கும் ஆய்வுக்கூடங்கள் ஆண்டு முழுவதும் நிரம்பி வழிந்து, அடுத்தது வேண்டும் என்று வடபுல ஊர்களே கேட்கும் வரை, ஒரு டாலரும் ஒதுக்கமாட்டேன்.