கலிபோர்னியா நாட்கேச்சரும் கருவால் நாட்கேச்சரும்

பூச்சியுண்ணும் இவ்விரு சிறு பறவைகளும் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் நீளமுடையவை. இனப்பெருக்கக் காலத்தில் இரண்டின் ஆணுக்கும் தலையில் கருந்தொப்பி தோன்றும். 1989 வரை அறிஞர்கள் இவற்றை ஒரே இனமாகவே கருதியதில் வியப்பில்லை.

வாலின் அடிப்புறத்தைப் பார்ப்பதே நம்பகமான வழி: கருவாலிக்கு அங்கே வெண்மை மிகுதி (பெயருக்குப் பொருந்தாத வேடிக்கைதான்), கலிபோர்னியா இனத்துக்கோ மெல்லிய விளிம்பு மட்டுமே. குரலிலும் பின்னது பூனைக்குட்டியைப் போல இழுத்துக் கத்தும். கருவாலி கரகரப்பாக அதட்டும்.

உண்மையில் இவற்றின் நிலையைப் பிரித்தது வாழிடமே. கருவாலி வட அமெரிக்காவின் சொனோரா, மொகாவி பாலைவனங்களின் முட்புதர்களில் பரவலாக வாழ, கலிபோர்னியா இனமோ தெற்குக் கலிபோர்னியாவில் வீட்டுமனைகளாக மாறிவந்த கடலோரப் புதர்க்காடுகளையே நம்பியிருந்ததால், அங்குள்ள துணையினத்தை அமெரிக்க அரசு 1993ஆம் ஆண்டில் அச்சுறுத்தலுக்குள்ளானதாக அறிவித்தது.