மாரிக்கு எந்த டயர்: ஒட்டும் ரகமா, சாதாரண ரகமா?

ஓட்டோகுரொஸ் (கூம்புகளுக்கிடையே நேரம் பார்த்துக் கார் ஓட்டும் போட்டி) ஓட்டத்துக்கு வாங்கும் மென்ரப்பர் டயர்களின், அதாவது ஒட்டும் ரகத்தின், பக்கவாட்டில் பெரும்பாலும் தேய்மான எண் 200 என்றிருக்கும். வீட்டுக் காரின் டயரில் அது 400, 500 என்று போகும். எண் குறைந்தால் பொதுவாகப் பிடி கூட, ஆயுள் குறைவு.

மழையில் அந்தப் பிடி போய்விடுமா? தார் வீதி வெறுமனே நனைந்திருந்தால் போகாது. நல்ல மென்ரப்பர் டயர் அப்போதும் காரைச் சட்டென்று நிறுத்தும். குளிரில் இந்த ரப்பர் இறுகும்தான், ஆனால் வன்னியில் மார்கழியிலும் அவ்வளவு குளிர் எங்கே?

சிக்கல் தேங்கிய தண்ணீரில். புதிய சாதாரண டயரில் பள்ளம் சுமார் 8 மில்லிமீற்றர் ஆழம். ஒட்டும் ரகம் பலவற்றில் 6 அளவுதான், பள்ளங்களும் குறைவு. தண்ணீர் வெளியேற வழியில்லாவிட்டால் டயர் அதன்மேல் மிதக்கும், ஸ்டியரிங் திடீரென்று இலேசாகும். பாதி தேய்ந்த பிறகு கேட்கவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிறவர்களுக்கு வீதியில் தண்ணீர் நிற்பது புதிதல்ல. ஏ9 வீதியில் வேகமும் சேர்ந்துகொள்ளும்.

என் தெரிவு சாதாரண டயர்தான். ஆசை விடாவிட்டால் ஒட்டும் டயரைச் சித்திரையில் மாட்டுங்கள், புரட்டாதி முடியக் கழற்றுங்கள். அப்புறம், கிறவல் வீதியில் அது கல்லையெல்லாம் பொறுக்கி மட்காட்டுக்குள் சடசடவென்று எறியும்.