கேப் கடன் ஆலோசனை: காணிக்கைக் கவர் நீட்டாத ஒரு சர்ச் சேவை

லண்டனில் கடனோடு மாரடிக்கிற எங்கள் சனம் எத்தனையோ பேர். கலியாண வீட்டில் கார் என்ன விலை, வீடு என்ன விலை என்று கதைப்போம், கடன்காரர்களின் கடிதங்களை மட்டும் அலுமாரிக்குள் தள்ளிவிடுவோம். அதனால்தான் இதை எல்லாரும் பார்க்க எழுதுகிறேன்.

கிறிஸ்டியன்ஸ் அகெய்ன்ஸ்ட் பாவர்ட்டி, சுருக்கமாகக் கேப், கடனில் இருப்பவர்களுக்கு ஆலோசனை தரும் ஒரு தொண்டு நிறுவனம். நிதித் துறையில் வேலை பார்த்த ஜான் கேர்க்பி 1996இல் பிராட்ஃபோர்டில் தொடங்கியது. போன் பண்ணினால் பக்கத்துச் சர்ச் மூலமாக ஆள் வீட்டுக்கே வருவார். சேவைக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் காசும் தரமாட்டார்கள், கடனும் தரமாட்டார்கள், அதை நினைத்துப் போகாதீர்கள்.

என் கணவருக்கு முதுகு ஆபரேஷன் நடந்து வேலை நின்றதும் கிரெடிட் கார்ட், கவுன்சில் டாக்ஸ் (உள்ளூராட்சி வரி), கரண்ட் பில் எல்லாம் சேர்ந்து கழுத்தை நெரித்தன. கேப்பிலிருந்து வந்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே, கடைப் பையில் பிரிக்காமல் கிடந்த கடிதங்களைக் கார்ப்பெட்டில் கொட்டச் சொல்லி, தேக்கரண்டிக் காம்பால் ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கினார். மூன்று கம்பனிகளின் பெயரில் மிரட்டல் வந்த கடன் உண்மையில் ஒரே கடன்தான், ஒருவன் மற்றவனுக்கு விற்றிருக்கிறான். அன்றைக்குத்தான் எங்கள் கடனின் மொத்தத் தொகையே எங்களுக்குத் தெரிந்தது.

வாடகை, கவுன்சில் டாக்ஸ், காஸ், கரண்ட் முதலில், கிரெடிட் கார்ட்காரன் எவ்வளவு கத்தினாலும் பிறகுதான் என்றார். முதல் வகையில் வீடு போகலாம், கடனுக்குச் சாமான் பறிக்கிற பெய்லிஃப் வரலாம், இரண்டாவதில் உடனே அப்படி நடக்காது. ஆலோசகர் விண்ணப்பித்தால் 60 நாளுக்கு வட்டியையும் நடவடிக்கையையும் நிறுத்திவைக்கச் சட்டம் இருக்கிறது. அப்புறம் டெப்ட் ரிலீஃப் ஆர்டர், கட்ட வழியில்லாதவரின் கடனைத் தள்ளுபடி செய்கிற சட்ட உத்தரவு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 ஜூனிலிருந்து 50,000 பவுண்ட் வரையான கடனுக்கு இது கிடைக்கும், முன்பிருந்த 90 பவுண்ட் கட்டணமும் இப்போது இல்லை. சொந்த வீடு இருந்தால் பெரும்பாலும் சரிவராது, மாதச் செலவு போக மிச்சம் 75 பவுண்டுக்கு மேலே இருந்தாலும் கிடைக்காது. எங்கள் ஆட்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று: மச்சானிடம் கைமாற்றாக வாங்கியது, சீட்டில் எடுத்துவிட்டுக் கட்டாதது எல்லாமே விண்ணப்பத்தின் கடன் பட்டியலில் வர வேண்டும். மானம் போகும் என்று மச்சானுக்கு மட்டும் ரகசியமாகக் கட்டினால் அது ஒருவருக்குச் சலுகை காட்டியதாகிவிடும், விண்ணப்பத்துக்கே ஆபத்து.

இனிச் சமய விஷயம். இதற்கு முன்பு அண்ணி என்னை ஒரு ஹோலில் நடந்த ஆசீர்வாதக் கூட்டத்துக்குக் கூட்டிப்போயிருந்தார். கடன் உள்ளவர்கள்தான் காணிக்கையை அதிகம் விதைக்க வேண்டும், முப்பதும் அறுபதும் நூறுமாகத் திரும்பி வரும் என்று அங்கே பிரசங்கம், டிக் பண்ணுவதற்குக் காணிக்கைக் கவரிலேயே தொகைகள் அச்சடித்திருந்தார்கள். இந்தக் கணக்கு வருகிற, பைபிளின் விதைக்கிறவன் உவமையில் விதை என்பது தேவனுடைய வசனம் என்று லூக்கா 8இல் இயேசுவே விளக்கியிருக்கிறார், காசுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? நான் சின்ன வயதிலிருந்தே சர்ச்சுக்குப் போகிறவள், எனக்கே எரிச்சல் வந்தது.

கேப்பில் அந்தக் கதையே இல்லை. கிளம்பும்போது, ஜெபிக்கட்டுமா, விருப்பம் இல்லாவிட்டால் பரவாயில்லை என்று அந்த அம்மா கேட்டார். என் கணவர் சைவக்காரர், வேண்டாம் என்று தலையாட்டினார். சரி என்று கோட்டைப் போட்டுக்கொண்டு போனவர் அடுத்த முறையும் அதே சிரித்த முகத்தோடுதான் வந்தார். கஷ்டத்தில் இருப்பவரிடம் இப்படிக் கேட்கலாமா என்று குறை சொல்பவர்கள் உண்டு, நியாயமும் இருக்கிறது, உதவி செய்பவரிடம் வேண்டாம் என்பது லேசில்லை. ஆனால் எங்கள் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரைப் புள்ளி குறைவதற்குக் காரணம் எல்லா ஏரியாவிலும் இவர்கள் இல்லை, முதலில் போஸ்ட்கோட் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெப்ட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் மூன்றிலும் கடன் ஆலோசனை இலவசம். எங்கே போனாலும் பேங்க் ஸ்டேட்மென்டையும் பிரிக்காத கடிதங்களையும் அப்படியே கொண்டுபோங்கள், மச்சானின் கணக்கையும் சேர்த்து.