வரிக் கடைசியில் ஒளிந்திருக்கிற எழுத்து: ஏழு வருட அனுபவம்

கல்லடியில் என்னிடம் இருப்பது உபுண்டு, அதாவது லினக்ஸ். அக்கரைப்பற்றுக் கூட்டாளிக்கு விண்டோஸ், இடைக்கிடை எங்களோடு வேலை செய்கிற தம்பிக்கு மெக். மூன்று பேரும் ஒரே புரோகிராமில் கை வைக்கத் தொடங்கி ஏழு வருடமாகிறது.

பைலில் ஒரு வரி எங்கே முடிகிறது என்று சொல்லக் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி இருக்கும். லினக்ஸிலும் இப்போதைய மெக்கிலும் அது எல்எப் (லைன் ஃபீட், அடுத்த வரிக்குப் போ) மட்டும், எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற ஆஸ்கி அட்டவணையில் 10. விண்டோஸில் சிஆர் (கரேஜ் ரிட்டர்ன், வரியின் ஆரம்பத்துக்குத் திரும்பு), எல்எப் என இரண்டு, அதாவது 13உம் 10உம். டைப்ரைட்டிங் படித்த அக்காமாருக்கு இது சட்டென்று விளங்கும்: கைப்பிடியைத் தள்ளினால் உருளையும் ஆரம்பத்துக்கு வரும், தாளும் ஒரு வரி ஏறும். தந்தி வழியாக வருவதை அச்சடிக்கிற டெலிபிரிண்டரில் அந்த இரண்டு வேலைக்கும் தனித்தனிக் குறி. டொஸ் என்ற பழைய மைக்ரோசொப்ட் சிஸ்டம் வழியாக வந்த விண்டோஸ் இரண்டையும் வைத்துக்கொண்டது, லினக்ஸுக்கும் மெக்குக்கும் முன்னோடியான யுனிக்ஸ் ஒன்றே போதும் என்று விட்டது.

எனக்கு முதல் அடி விழுந்தது ஒரு நெல் மில் கணக்கில். கூட்டாளி எக்செலில் இருந்து சிஎஸ்வி (கமா போட்டுப் பிரித்த எழுத்துப் பைல்) அனுப்புவான், என்னுடைய பாஷ் ஸ்கிரிப்ட் (லினக்ஸ் கட்டளைகளை வரிசையாக எழுதிய பைல்) கடைசி நிரலில் இருக்கிற ஊர்ப் பெயரைப் பார்த்து மூட்டைகளைக் கூட்டும். ஒருநாள் சம்மாந்துறைக்குப் பூச்சியம், நிந்தவூருக்கும் பூச்சியம். பெயர்கள் சரியாகத்தான் இருந்தன. யுனிகோட்டில் கொம்போ காலோ உடைந்திருக்கும் என்று நினைத்து இரண்டு இரவு வீணாக்கினேன் (தமிழில் எழுதுகிறவன் முதலில் அங்கேதானே சந்தேகப்படுவான்). கடைசியில் பைலைத் திரையில் காட்டுகிற கேட் கட்டளையில் கெப்பிட்டல் ஏ போட்டுத் திறந்தால் தமிழெல்லாம் அலங்கோலமாக வந்தது, ஆனால் ஒவ்வொரு வரி முடிவையும் காட்டுகிற டொலர் குறிக்கு முன்னால் ஒரு தொப்பிக் குறியும் எம்மும் ஒட்டிக்கொண்டிருந்தன. அதுதான் சிஆர். அது ஊர்ப் பெயரோடு ஒட்டியதால் ஸ்கிரிப்டுக்கு அது வேறு பெயர்.

"மச்சான், உன்ட பைல்ல ஊர்ப் பேருக்குப் பின்னால ஒண்டு ஒட்டியிருக்கு."

"எனக்கு ஒண்டும் தெரியல்லயே மச்சான்."

அவன் சொன்னதும் உண்மைதான், அவனுடைய திரையில் அது தெரியாது. என் பைல்களை அவன் நோட்பேடில் திறந்தாலோ எல்லா வரியும் ஒன்றாக ஓடும், 2018இல் வந்த அப்டேட்டுக்குப் பிறகுதான் அந்தத் தலையிடி தீர்ந்தது.

புரோகிராமில் செய்கிற மாற்றங்களைப் பதிந்து பகிர்கிற கிட்டில், வரி முடிவைத் தானாக மாற்றுகிற ஆட்டோசிஆர்எல்எப் அமைப்பை நம்பித்தான் கொஞ்சக் காலம் ஓட்டினோம், எனக்கு அது பிடிக்கவேயில்லை. அது ஆளாளுக்குத் தன் மெஷினில் வைக்க வேண்டியது. கூட்டாளி புது லப்டொப் வாங்கி அதை மறந்த அன்றைக்கு, இரண்டு வரி மாற்றம் முழு பைலும் மாறியதாக வந்து நின்றது, எதை மாற்றினான் என்று தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அப்புறம் எல்லாருக்கும் சேர்த்து புரொஜெக்டுக்குள்ளேயே கிட்ஆட்ரிபியூட்ஸ் பைல் வைத்தோம்: பொதுவாக டெக்ஸ்ட் ஆட்டோ (எது எழுத்துப் பைல் என்று கிட்டே பார்த்துக்கொள்ளும்), பாஷ் போன்ற ஷெல் ஸ்கிரிப்டுக்கு எல்எப், விண்டோஸின் பேட்ச் (.bat) பைலுக்கு சிஆர்எல்எப். பழைய பைல்களை ரீநோர்மலைஸ் கொடுத்து ஒரேயடியாகச் சரிசெய்தோம். அதற்குப் பிறகு கிட் பக்கம் சத்தமில்லை.

மில் கணக்கு மட்டும் இன்றைக்கும் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது, அங்கே கிட் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் ஸ்கிரிப்டின் முதல் வேலையே சிஆரைத் துடைப்பது. போன மாதம் தம்பி அந்த வரி தேவையில்லை என்று அழித்து அனுப்பியிருந்தான், திரும்பப் போட்டுவிட்டேன்.