ஆனைத்திருக்கையா, இந்த்ரியா: யாருக்கு ஆபத்து அதிகம்?

ஒன்று கடலில் வாழும் பெரிய திருக்கை மீன், இன்னொன்று மடகாஸ்கரின் கிழக்கு மழைக்காட்டில் வாழும் லெமூர், அதாவது குரங்குக்கு உறவான விலங்கு. இரண்டுக்கும் பொதுவான சிக்கல் பிள்ளைப்பேறுதான். ஆனைத்திருக்கை ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்ததற்குப் பல ஆண்டுகள் ஆகலாம். லெமூர்களில் பெரியதான இந்த்ரியும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு குட்டிதான்.

சிறகு விரித்தால் 7 மீட்டர் வரை வரும் திருக்கைக்கு வினை அதன் செவுள். மிதவை உயிரிகளை வடிகட்டும் அந்தத் தகடுகளைக் காயவைத்துச் சீன மருந்துக் கடைகளில் விற்கிறார்கள். இறைச்சிக்கு அவ்வளவு விலை கிடையாது. இதை அதிகம் பிடிக்கும் நாடுகளில் இலங்கையும் இந்தியாவும் உண்டு. பல நேரம் வேறு மீனுக்கு விரித்த வலையில் மாட்டுகிறது.

இந்த்ரியின் கதை வேறு. விடிந்ததும் குடும்பமாகச் சேர்ந்து பாடும். குரல் 2 கிலோமீட்டருக்கு மேல் கேட்கும். அதைக் கொல்லக்கூடாது என்ற ஊர்த் தடை பல இடங்களில் இருந்தது, இப்போது தளர்கிறது. அதைவிடப் பெரிய அடி, நெல்லுக்காகக் காட்டை வெட்டி எரிப்பது.

ஆபத்திலுள்ள உயிரினங்களை வகைப்படுத்தும் ஐ.யூ.சி.என். அமைப்பின் சிவப்புப் பட்டியலில் திருக்கை 'அழியும் நிலை'. இந்த்ரி அதற்கும் மேலே, 'மிக அழியும் நிலை'. எனக்கும் இந்த்ரிதான் அதிகக் கவலை. திருக்கை பல கடல்களில் உலவுகிறது, வியாபாரம் நின்றால் மூச்சு விடலாம். இந்த்ரியோ கூண்டில் பிழைப்பதே இல்லை. அப்புறம் எந்த விலங்குக்காட்சி சாலையில் போய்த் தேடுவது?